பாலூட்டும் தாய்மாருக்குப் பாதுகாப்பான கருத்தடை முறைகள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
பனியன், பாத்திரத் தொழிலாளர் சங்கம் (பெண்கள் பிரிவு),
அனுப்பர்பாளையம், திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருப்பூர்.

நகல்: மாநகர் நல அலுவலர், திருப்பூர் மாநகராட்சி.

பொருள்: பாலூட்டும் தொழிலாளத் தாய்மாருக்குக் கருத்தடை ஆலோசனையும் சேவையும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

எங்கள் பகுதிப் பனியன் கம்பெனிகளிலும் பாத்திரப் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் பலர், பிரசவமான இரண்டாம் மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் 26 வாரம் வரை விடுப்பு உண்டு. பீஸ் ரேட்டில், கான்ட்ராக்டில் ஓடுகிறவர்களுக்கு அது கைக்கு எட்டுவதில்லை. "பால் குடிக்கிற வரைக்கும் தங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே கருத்தடை.

அந்தப் பேச்சில் உண்மை இல்லாமலில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் 98 விழுக்காடு பலன் உண்டு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்ப முடியாது. காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்காரும் தாய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் எழுகிறாள். வீட்டில் பாட்டி புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கிறாள். இங்கே தாயோ மார்பு கட்டி ரவிக்கை நனைய, கழிப்பறையில் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடி தைக்கிறாள். மாதவிலக்கு இன்னும் வரவில்லையே என்ற நம்பிக்கையில் இருப்பவளுக்கு, அது வராமலே அடுத்த கரு தங்கிவிடுகிறது. ஆனால் பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

வழி இல்லாமல் போய்விடவில்லை. காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ ஆறு வாரம் கழித்தோ போடலாம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அந்தரா கருத்தடை ஊசி ஆறு வாரத்துக்குப் பின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரத்தப்போக்கு முன்பின்னாக மாறும் என்று முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோய் ஊசியைப் பாதியில் விட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். இவை எல்லாமே அரசுத் திட்டத்தில் இலவசம். ஆனால் மாலா-என் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் கலந்தது. பால் சுரப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கு ஏற்றதல்ல. எந்த மாத்திரை எது என்று சொல்லித் தருவது அதனால்தான் முக்கியம்; பெயர் தெரியாத மாத்திரையை விழுங்குவது எங்கள் தொழிலில் புதிதல்ல. தமிழக ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டு வந்தது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஆபரேஷன் அல்லது ஒன்றுமில்லை என்ற நிலை மாற வேண்டும். வீட்டு ஆண்களையும் அழைத்துப் பேச வேண்டும்.

ஆகவே, குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் அதே நாளில் தாயையும் தனியே உட்கார வைத்து, எந்தெந்த முறை அவளுக்குப் பொருந்தும், என்ன பக்கவிளைவு வரும் என்று செவிலியர் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த சகோதரிகளுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் அச்சிட்ட தாள் தேவை. கம்பெனிக்கு விடுமுறை ஞாயிறு ஒரு நாள்தான். அன்று அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் கிடைக்க நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வா என்றால் எவளும் வரமாட்டாள். பிரசவ வலியில் கிடப்பவளிடம் கருத்தடைக்குக் கையெழுத்து வாங்காமல், கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே விளக்கிச் சம்மதம் பெற வேண்டும்.

வேலை நேரத்திலும் பாலூட்ட வழி வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைத்து, தாய் நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதிக்க வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விதித்த கடமை. எங்கெல்லாம் காப்பகம் நடக்கிறது, எங்கே பூட்டிக் கிடக்கிறது என்று தொழிற்சாலை ஆய்வாளர்கள் நேரில் பார்த்து, அந்த விவரத்தை வெளியிட வேண்டுகிறோம். பச்சைக் குழந்தைக்காரிக்கு ஒன்றரை ஷிப்டைக் கட்டாயமாக்கக் கூடாது.

இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ பெரிதாகத் தேவையில்லை. அடுத்த தடுப்பூசி நாளிலிருந்தே ஆலோசனையைத் தொடங்க ஆணையிட்டு, எங்கள் பிரதிநிதிகளை அழைத்துப் பேசுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கப் பெண்கள் பிரிவின் சார்பில்