மென்லோ பார்க்கின் இரண்டு பட்டறைகள்

கலிபோர்னியாவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குத் தெற்கே உள்ள மென்லோ பார்க் என்னும் சிற்றூரில், மின்னணுக் கருவிகளைக் கடையில் வாங்கி அனுபவிப்பதோடு திருப்தியடையாமல் தம் கையாலேயே செய்து பார்க்க விரும்பிய சாமானியர்களுக்கென்று, 31 வருஷ இடைவெளியில் இரண்டு இடங்கள் தோன்றின. 1975-ல் தோன்றிய முதல் இடத்தில் ஒரு மோட்டார்க் கொட்டகையும் உட்கார வந்த மனிதர்களும் தவிர விசேஷமாக வேறொன்றும் இல்லை. 2006-ல் தோன்றிய இரண்டாவது இடத்தில் லேசர் வெட்டுக் கருவி முதல் கடைசல் யந்திரம் வரை ஒரு சிறு தொழிற்சாலைக்கு வேண்டிய சாதனங்கள் யாவும் வரிசையாக நின்றன. முன்னது பதினொரு வருஷங்களுக்கு மேல் நடந்து, கம்ப்யூட்டர் என்னும் பொருளைச் சர்க்கார் அலுவலகங்களிலிருந்தும் பெரிய கம்பெனிகளிலிருந்தும் வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்த பிறகு, 1986 டிசம்பரில் அமைதியாகக் கலைந்தது. பின்னதோ அமெரிக்காவில் பத்து இடங்களில் கிளை பரப்பியிருந்தும் 2017 நவம்பரில் ஒரே நாளில் எல்லாக் கதவுகளையும் அடைத்துத் திவாலாயிற்று. ஹேக்கர்ஸ்பேஸ் என்ற பெயரில் ஊருக்கு ஒரு பொதுப் பட்டறை வேண்டும் என்று இங்கே பேசுகிற உற்சாகிகள் முதல் காரியமாக யந்திரங்களின் விலைப்பட்டியலைத் தயாரிக்க உட்காருவதைப் பார்க்கும்போது, இந்த இரண்டு சரித்திரங்களையும் அருகருகே வைத்து ஆராய்வது பிரயோஜனமுள்ளது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தச் சங்கத்தின் முதல் கூட்டம் 1975 மார்ச் 5-ந் தேதி, மழை பெய்த ஒரு புதன்கிழமை இரவில், கார்டன் பிரெஞ்ச் என்பவருடைய கொட்டகையில் நடந்தது. வந்தவர்கள் ஏறக்குறைய முப்பது பேர். அவரோடு சேர்ந்து அதைக் கூட்டிய பிரெட் மூர், 1959-ல் பெர்க்லி சர்வகலாசாலையில் கட்டாய ராணுவப் பயிற்சியை ஆட்சேபித்து உண்ணாவிரதம் இருந்த சமாதானவாதி. மின்சுற்றுகளைக் காட்டிலும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதிலேயே அவருக்கு நாட்டம் அதிகம். அன்றிரவு எல்லாரும் சுற்றி நின்று பார்த்த பொருள் ஆல்டேர் 8800 என்னும் பெட்டி. பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் 1975 ஜனவரி இதழ் அட்டையில் வெளியாகி, உதிரிப் பாகங்களாக 397 டாலருக்குத் தபாலில் விற்கப்பட்ட அந்தக் கம்ப்யூட்டருக்குத் திரையும் கிடையாது, எழுத்துப் பலகையும் கிடையாது. முகப்பில் சில சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளுமே உண்டு. 256 எழுத்துகளுக்கு மேல் அதன் ஞாபகத்தில் தங்காது.

இத்தகைய பெட்டியால் என்ன லாபம் என்ற நியாயமான கேள்விக்கு, அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் ஸ்டீவ் டாம்பியர் என்னும் அங்கத்தினர் விடை அளித்தார். அவர் தம்முடைய ஆல்டேரைக் கொண்டுவந்து தரையில் வைத்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தட்டி ஒரு நிரலை உள்ளே செலுத்தி முடிக்கும் தறுவாயில், யாரோ மின்கம்பியில் கால் தடுக்கியதால் மின்சாரம் நின்று, செலுத்திய அனைத்தும் அழிந்துபோயிற்று. அவர் சலிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து தட்டினார். பிறகு பெட்டியின் மேல் ஒரு சிறு ரேடியோவை வைத்தார். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டு ஒன்றின் மெட்டு, கரகரத்த குரலில், ஆனால் சுருதி பிசகாமல் எழுந்தது. இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு ஏதும் இல்லை. கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது வெளிவிடும் மின் இரைச்சலை ரேடியோ பிடித்துக்கொள்வதைத் தற்செயலாகக் கவனித்த டாம்பியர், ஒரே கட்டளையை எத்தனை முறை சுழல விட்டால் எந்த ஸ்வரம் பிறக்கும் என்று கணக்கிட்டு அந்தக் குறையையே சங்கீதமாக்கியிருந்தார். சபை எழுந்து கைதட்டியது. அவரும் அந்தக் கணக்கைப் பூட்டி வைக்காமல் பத்திரிகையில் அச்சிட்டு யாவருக்கும் கொடுத்துவிட்டார்.

அந்தச் சபையை நடத்திய விதம் பட்டறைகளைத் துவக்க விரும்புவோர் கூர்ந்து படிக்க வேண்டிய விஷயம். கூட்டத் தலைமையை வகித்த லீ பெல்ஸன்ஸ்டைன் நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்திருந்தார். முற்பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன தெரியவில்லை, எந்தச் சில்லு எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி அமர வேண்டும். பிற்பகுதியில் அவரவர் தமக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்ளலாம். சொற்பொழிவு என்னும் வியாதி (நம்முடைய சங்கங்கள் எத்தனையோ அதனாலேயே மாண்டன) அங்கே தலைகாட்ட இடம் இல்லை. மேடை ஏறக் கூச்சப்பட்டுப் பின்வரிசையிலேயே உட்காரும் சுபாவமுள்ள ஸ்டீவ் வாஸ்னியாக், ஹியூலெட் பேக்கார்டு கம்பெனியில் சம்பளத்துக்கு உழைத்துவிட்டு இரவில் தாம் வடிவமைத்த ஒரு கம்ப்யூட்டரின் மின்சுற்று வரைபடத்தைப் பிரதி எடுத்து, கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுத்ததும், சிலருடைய வீட்டுக்கே போய் ஈயம் பற்றவைக்க உதவியதும் இந்தப் பிற்பகுதியின் பலனே. பிரபலமான சில்லுகள் நூற்றுக்கணக்கான டாலர் விலை சொன்ன காலத்தில் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்த 6502 என்னும் சில்லை அவர் தேர்ந்தெடுத்ததும், தம்மைப் போன்ற சாமானிய ஊழியனின் பணப்பையை உத்தேசித்துத்தான். அந்த வரைபடமே 1976-ல் ஆப்பிள் கம்பெனியின் முதல் சரக்காயிற்று.

இங்ஙனம் சொல்வதால், பகிர்தல் என்ற குணத்துக்கு ஒரு மறுபக்கம் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். அதே சங்கத்தார், விலைக்கு விற்கப்பட வேண்டிய ஆல்டேர் பேஸிக் என்ற நிரலின் காகித நாடாவைக் கணக்கின்றிப் பிரதி செய்து விநியோகித்தார்கள். அதை எழுதியவர்களுள் ஒருவரான பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்று கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். அவருடைய தொனி பலருக்குக் கசந்தது; ஆயினும் அவர் பக்கத்து நியாயத்தை மறுக்க இயலாது. வாஸ்னியாக் கொடுத்தது அவருடைய சொந்த உழைப்பு; நாடாவைப் பிரதி எடுத்தவர் கொடுத்தது அயலாருடையது. புதிய பட்டறை எதுவாயினும், தான் செய்ததைத் தானே கொடுக்கும் உரிமையே பகிர்வுக்கு அஸ்திவாரம் என்பதை முதல் நாளே விதியாக எழுதி வைப்பது, பின்னால் வரும் மனஸ்தாபங்களைப் பெரிதும் குறைக்கும்.

இரண்டாவது இடமான டெக்ஷாப்பை நான் இகழ்ந்து பேசவில்லை. கடன் அட்டையைத் தேய்த்துப் பணம் பெற உதவும் ஸ்கொயர் கருவியின் ஆரம்ப மாதிரிகள் அங்கேதான் உருவாயின. லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரத்தை மாதச் சந்தா கட்டிய எவரும் தொடலாம் என்ற ஏற்பாடு உயர்ந்ததே. ஆனால் அங்கே வந்தவர் வாடிக்கையாளர். பழுது நீக்குவதும் தரையைப் பெருக்குவதும் சம்பளக்காரர் பொறுப்பு. சந்தாவோ வாடகைக்கும் சம்பளத்துக்கும் யந்திரத் தேய்மானத்துக்கும் எட்டவில்லை. நகரசபைகளும் கம்பெனிகளும் தர்ம ஸ்தாபனங்களும் மானியம் கொடுத்தாலன்றி இத்தகைய பட்டறைகளை லாப நோக்கில் சொந்தமாக நடத்த முடியாது என்று கடைசியில் அதன் நிர்வாகியே ஒப்புக்கொண்டார்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஐரோப்பாவில் ஒரு மார்க்கம் முளைத்தது. 1981-ல் மேற்கு பெர்லினில் ஒரு தினசரிப் பத்திரிகையின் அலுவலகத்தில் கூடிய சிலரால் ஆரம்பிக்கப்பட்ட கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்த யென்ஸ் ஓலிக், லார்ஸ் வைலர் என்னும் இருவர், தங்கள் நாட்டுப் பட்டறைகளின் அநுபவத்தைத் திரட்டி 2007-ல் ஒரு செயல்முறைக் குறிப்பாக வெளியிட்டார்கள். இரண்டு பேரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் துவக்கிவிடலாம். மின்சாரம், இணையத் தொடர்பு, மேஜை, சமையல் இடம் இவற்றை முதலில் அமைத்தால் செய்பொருள்கள் தாமாக வரும். அங்கத்தினர் சந்தா மாதந்தோறும் தவறாமல் வசூலாக வேண்டும். கூட்டம் செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டும் என்பன அதில் உள்ள யோசனைகள். எந்தக் கிழமையானாலும் யாருக்காவது ஒத்துவராது, ஆகையால் விவாதத்தை விட்டுச் செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் வாதம். செவ்வாயோ வெறுவாயோ என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடும் நம்மவர்க்கு இது சிரிப்பை உண்டாக்கலாம். அவ்வாண்டு ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள பட்டறைகளை நேரில் கண்டு திரும்பிய அமெரிக்கர்கள் நியூயார்க்கிலும் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் பட்டறைகளை அமைத்தார்கள். பின்னதான நாய்ஸ்பிரிட்ஜ் இன்றும் செவ்வாய்க்கிழமைகளில்தான் கூடி, எல்லாருடைய சம்மதத்தின் பேரிலேயே முடிவு செய்கிறது. அதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். அதை நான் புகழ்ச்சியாக மட்டும் சொல்லவில்லை.

நம் தேசத்துக்கும் இது புதிதன்று. புனாவுக்கு அருகே பாபல் கிராமத்தில் உள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையின் ஒத்துழைப்போடு 2002-லேயே ஒரு பொதுப் பட்டறை ஏற்பட்டது. 2016 முதல் மத்திய சர்க்கார், அடல் டிங்கரிங் லேப் என்ற திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் 20 லட்ச ரூபாய் வரை ஒதுக்கி வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு அது பேருபகாரம். ஆனால் பள்ளியை விட்டு வெளியேறிய மறு வருஷமே அந்தப் பிள்ளைக்குப் போக்கிடம் ஏது? மிக்ஸி, டி.வி. ரிப்பேரில் முப்பது வருஷம் கை தேர்ந்த மெக்கானிக்கும், ஓய்வுபெற்ற தந்தி இலாகா ஊழியரும், பொறியியல் மாணவியும் ஒரே மேஜையில் சந்தித்து, எரிந்துபோன ஒரு போர்டைத் திருப்பிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிக்கொள்ளும் சந்தர்ப்பத்தைப் பள்ளிக்கூட அறை அளிப்பது கடினம்.

சென்னையில் அப்படியோர் இடத்துக்கு உள்ள முதல் தடை வாடகை முன்பணம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்று 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் பொதுவாக வரையறுத்திருந்தும், பத்து மாத வாடகையை முன்கூட்டிக் கேட்கும் பழைய வழக்கத்துக்குப் பழகிய ஊர் இது. நாலு பேர் சேர்ந்து அந்தத் தொகையைத் திரட்டுவதற்குள் உற்சாகம் வடிந்துவிடுகிறது. ஆனால் 1948-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் பயனாக, நாம் ஒவ்வொருவரும் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி, ஊர்தோறும் ஒரு பொதுக் கட்டடத்தை ஏற்கெனவே காப்பாற்றி வருகிறோம். நியூயார்க் மாகாணத்தில் பயட்வில் என்ற ஊர் நூலகம் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே இத்தகைய பட்டறைக்கு இடம் கொடுத்து நடத்திக் காட்டியிருக்கிறது. நம் நூலகர்கள் ஆட்சேபிப்பார்கள். ஈயப் புகை புத்தகத்துக்கு ஆகாது, போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்களுக்குச் சந்தடி ஆகாது என்பார்கள், இரண்டும் உண்மை. வார விடுமுறை நாளின் மாலைப் பொழுதில், வராந்தாவில், நான்கு பிளக் பாயிண்டுகளுக்கும் இரண்டு மேஜைகளுக்கும் அனுமதி அளித்து, சாவி யார் கையில் இருப்பது, மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது, ஃபியூஸ் போனால் யார் பொறுப்பு என்பவற்றை அங்கத்தினர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று நூலகத் துறை ஒரு பக்க உத்தரவு போட்டால், யந்திரப் பட்டியலைப் பற்றி இரண்டாவது வருஷத்தில் யோசித்துக்கொள்ளலாம்.