தேயிலைத் தோட்டத்தில் முதல் வீடு: செடி வைக்கலாம், வேர் விடலாமா?

தானா ராத்தா: கேமரன் மலையில் தோட்டக் குடியிருப்பு ஒன்றைக் கடந்து போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது வாசல் பூச்செடிகள்தான். ஜெரேனியம், பெகோனியா, ரோஜா, நீல நிற ஹைட்ராஞ்சியா எனக் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலான இந்தக் குளிரில் செழிக்கும் செடிகள். இவற்றில் பல பெயிண்ட் டின்னிலும் எண்ணெய் டின்னிலும் பிளாஸ்டிக் வாளியிலும் வளர்பவை.

சட்டிச் செடிக்கு ஒரு வசதி உண்டு. வீடு மாறும்போது லாரியில் ஏற்றிவிடலாம். மண்ணில் ஊன்றியதை அப்படி எடுத்துப் போக முடியாது. தோட்டத்தில் இல்லறம் தொடங்கும் இளம் தம்பதியர் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே: குடியிருக்கும் வீடு எத்தனை நாளைக்கு?

திருமணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். கணவர் தோட்டத்திலும் மனைவி தானா ராத்தாவில் ஒரு கடையிலும் வேலை செய்கிறார்கள். பெற்றோரின் லயத்து வீட்டில் தம்பி தங்கைகளோடு நெருக்கியடித்து இருந்தவர்களுக்கு நிர்வாகம் தனி வீடு ஒதுக்குகிறது. சுவருக்குச் சாயம் பூசுகிறார்கள், திரைச்சீலை மாட்டுகிறார்கள். வாசலில் மாமியார் கொடுத்த துளசியும், சமையலறை சன்னலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வந்துவிடுகின்றன.

இந்த வீட்டின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. நகரத்து வாடகையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. வேலை அருகில், உறவுகள் அருகில், கோவில் அருகில். சில தோட்டங்களில் தமிழ்ப்பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் வீடு வேலையோடு வந்தது. வேலையை விட்டாலோ, ஓய்வு பெற்றாலோ சாவியைத் திருப்பித் தர வேண்டும். அந்த வீட்டை விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது, அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கவும் முடியாது. முப்பது ஆண்டு குடியிருந்தாலும் கணக்கில் சேருவது ஒன்றுமில்லை.

பத்துப் பேர்ச்சும் ஏழு பேர்ச்சும்

இது இன்று முளைத்த சிக்கல் அல்ல. போ தேயிலை நிறுவனம் 1929-லும், பாரத் தேயிலைத் தோட்டம் 1933-லும் தொடங்கியவை. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்ட காலம் அது. அதற்கு முன்பே, பகாங்கையும் உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு ஒரு விதியைச் சொன்னது. குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பதே அது. லயத்துக்குப் பின்னால் வாழையும் கீரையும் வளர்ந்ததற்கு இப்படி ஒரு சட்டப் பின்னணியும் உண்டு.

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்பது சுமார் 2,720 சதுர அடி. இலங்கை மலையகத்தில் வழங்கும் அளவில் சொன்னால் சரியாக 10 பேர்ச்.

அதே மலையகத்தில் லயன் அறைகளுக்குப் பதிலாகத் தனி வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படும் நிலம் 7 பேர்ச். 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். வேலை மெதுவாக நடப்பதும், உரிமைப் பத்திரம் கைக்கு வரத் தாமதமாவதும் அங்கும் புகார்களாக உள்ளன. ஆயினும் பேச்சு எதைப் பற்றியது என்பது முக்கியம். அங்கே கேட்பது சொந்த நிலம். இங்கே நூறாண்டுக்கு முன் கிடைத்தது அதைவிடப் பெரிய நிலம்தான், ஆனால் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியோடு நின்றுபோன நிலம்.

மலேசியாவில் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970-களிலிருந்தே இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பின் தரத்தை இன்று நிர்ணயிப்பது 446-ஆம் சட்டம். 1990-இல் இயற்றப்பட்ட இது, 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. பல தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே கூடுதலாகிவிட்ட காலத்தில், தங்கும் விடுதியில் ஆளுக்கு 3 சதுர மீட்டர், மற்ற இருப்பிடங்களில் 3.6 சதுர மீட்டர் என்று புதிய விதிகள் அளவு வகுத்தன. அது தேவையான திருத்தம்தான். ஆனால் அந்த அளவு தனி ஆளுக்கு, அவருடைய கட்டிலுக்கும் அலமாரிக்கும் உரியது. குடும்பமாக வாழ்ந்து, அதே மலையில் மூப்படைய விரும்பும் ஒருவருக்கு வீட்டுரிமை தருவது அந்தச் சட்டத்தின் வேலை அல்ல.

சம்பளக் கணக்கு

அப்படியானால் தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ வெளியே ஒரு வீடு வாங்கலாமே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இருவரும் அந்தச் சம்பளம் வாங்கினால் வீட்டுக்கு 3,400 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போக மீதி சுமார் 3,026. சொக்சோ பிடித்தம் இன்னும் கொஞ்சம் குறைக்கும்.

விலை 250,000 ரிங்கிட் உள்ள ஒரு வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் கட்டி, மீதி 225,000 ரிங்கிட்டை 35 ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 1,000 ரிங்கிட் வரும். கையில் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. கடினம், ஆனால் முடியாதது அல்ல.

உண்மையான தடை முன்பணம். 2024 மே மாதம் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின், வீட்டுக்காக எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் சேருவது மாதச் சந்தாவில் 15 விழுக்காடு. முதலாளியின் 13 விழுக்காட்டையும் சேர்த்தால், 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு அது மாதம் 61 ரிங்கிட். இருவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 1,470. முன்பு சேர்ந்ததையும் லாப ஈவையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 25,000 ரிங்கிட் சேர 17 ஆண்டுகள் ஆகும். புதுமணத் தம்பதியருக்கு முதல் குழந்தை பிறந்து, அது எஸ்.பி.எம். எழுதும் வயதை எட்டிவிடும்.

சில வாசல்கள் திறந்திருக்கின்றன. 500,000 ரிங்கிட் வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை விலக்கு 2027 இறுதிவரை நீட்டிக்கப்பட்டுள்ளது. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு எஸ்.ஜே.கே.பி. அரசு உத்தரவாதம் தருகிறது. பறித்த கொழுந்தின் எடைக்கேற்பச் சம்பளம் ஏறி இறங்கும் குடும்பங்கள் இதை விசாரித்துப் பார்ப்பது நல்லது. திருமணச் செலவுக்குக் கடன் வாங்கும் முன் வீட்டுக் கடன் தகுதியைக் கணக்கிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். மண்டபத்துக்கும் நகைக்கும் வாங்கிய கடன், பிறகு வங்கி தரக்கூடிய வீட்டுக் கடனைக் குறைத்துவிடும்.

சட்டியில் வளர்பவை

அதுவரை இருக்கும் வீட்டை வீடாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஊரில் வளர்த்த செடியெல்லாம் இந்த மலையில் வளராது. கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் வெயிலும் சூடும் வேண்டும். இரவுக் குளிரில் அவை வாடி நிற்பதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. ஈரக் காற்றும் மூடுபனியும் உள்ள இடத்தில் சட்டி மண் சீக்கிரம் காயாது, வேர் அழுகிவிடும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். டின்னின் அடியில் துளை இருக்க வேண்டும். வெயில் விழும் சன்னல் கறிவேப்பிலைக்கு, நிழல் மூலை பெகோனியாவுக்கு என்று பிரித்து வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

ஹைட்ராஞ்சியாவின் நீலத்துக்கும் தேயிலைக்கும் ஓர் உறவு உண்டு. தேயிலை விரும்புவது அமில மண். அதே அமில மண்ணில்தான் ஹைட்ராஞ்சியா அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கிறது. தோட்டத்து மண்ணில் நீலமாகப் பூத்த செடியைக் கீழ்நாட்டில் சுண்ணாம்பு கலந்த மண்ணுக்கு மாற்றினால் அது இளஞ்சிவப்பாகிவிடக்கூடும்.

கேட்க வேண்டிய இடம்

இனி யாரிடம் கேட்பது? கூட்டரசு வீடமைப்புத் திட்டங்களை அறிவிக்கலாம், நிதி ஒதுக்கலாம். ஆனால் அரசியலமைப்புச் சட்டப்படி நிலம் மாநில அதிகாரம். கேமரன் மலையில் காய்கறி விவசாயிகளில் பலர் பல ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்து வந்தார்கள். இங்கே நிரந்தரப் பட்டா எளிதாகக் கிடைக்கும் பொருள் அல்ல. எனவே தோட்டக் குடும்பங்களுக்கு வீடு என்ற வாக்குறுதி எந்த மேடையில் வந்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: எந்த நிலத்தில்? பகாங் மாநில அரசாங்கம் நிலம் தருமா, நிறுவனம் தன் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்குமா என்பதற்குப் பதில் இல்லாத அறிவிப்பு, அறிவிப்போடு நின்றுவிடும்.

சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களின் வீட்டுக் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேல் இழுபட்டது. தோட்டம் கைமாறி, வேலை போன பின் நடக்கும் போராட்டம் எவ்வளவு நீளும் என்பதற்கு அது சான்று. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் இன்னும் இயங்குகின்றன. பேரம் பேச வலிமை இருக்கும் காலம் இதுதான். தொழிற்சங்கங்களும் சமூக இயக்கங்களும் ஓய்வு பெற்றவர்களுக்காக மட்டுமல்லாமல், இன்று திருமணம் செய்துகொண்டு தனி வீடு கேட்டு மனுப் போடும் இளம் தம்பதியருக்காகவும் இதைக் கையில் எடுக்க வேண்டும். அவர்கள் முப்பது ஆண்டு கழித்துச் சாவியைத் திருப்பித் தரும் நாளில் கேட்டால், அப்போது காலம் கடந்திருக்கும்.