நூலும் ஓர் உறுதியே!

கடுகண்ணாவைக் கணவாய் வழியே கண்டிக்கு ஏறுவோர் டோசன் கோபுரத்தைக் காணாது செல்லுதல் அரிது. கொழும்பு–கண்டிப் பெருந்தெருவை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832 ஆம் ஆண்டில் எழுந்தது அது. தெரு சமைத்த அதிகாரிக்குக் கோபுரம் உண்டு. 1867 ஆம் ஆண்டில் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையின் பெருமை கூற இங்கே நூதனசாலையும் உண்டு. அப்பாதைகளால் இறங்கிய கோப்பியையும் தேயிலையையும் விளைவித்த மக்களுக்கு என்ன உண்டு? அவர்களுக்கு நூல்கள் உண்டு. அந்நூல்கள் நம் வீடுகளில் உண்டா என்பதே நமது வினா.

பொழுதுபோக்கைப் பற்றிய வினாவன்று இது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. பின்னர், பதிவு கோரி விண்ணப்பித்தோரிடம் வதிவிடச் சான்று எங்கே, பிறப்புச் சான்று எங்கே என்று கேட்கப்பட்டது. லயத்திற் பிறந்து, பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடப்பட்டு, தேயிலைத் தூரடியிற் புதையுண்டவர்களின் பிள்ளைகள் எந்தக் காகிதத்தைக் காட்டுவர்? விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை தள்ளுண்டன. ஆவணமற்றவன் சொல் அம்பலம் ஏறாது என்பதைச் சட்டம் பயின்ற நாம் நன்கறிவோம். எழுதி வைக்காத சமூகம் எத்துணை எளிதில் துடைக்கப்படும் என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

ஆதலால், நால்வகை நூல்களை இங்கு முன்மொழிகின்றோம்.

காதற் கதை வேண்டுவோர், சித்திலெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’யிலிருந்து தொடங்குக. 1885 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூல் ஈழத்தின் முதல் தமிழ் நாவலென மதிக்கப்படுவது. அதன் ஆசிரியர் கண்டியிற் பிறந்த சட்டத்தரணி. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியவர். காதலும் துணிகரமும் கலந்த இக்கதை நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது: கண்டித் தமிழ் எழுத்து நேற்று முளைத்ததன்று.

வரலாற்றுக் கதையை நாடுவோர்க்குக் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ உண்டு. 1964 ஆம் ஆண்டில் வெளிவந்தது; தமிழகத்திலிருந்து ஆசை மொழி கேட்டுத் தோட்டத்துக்கு வந்தோரின் வாழ்வைச் சொல்வது. இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றத் துணிந்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையும் அதே ஆண்டிலேயே ஒப்பமிடப்பட்டது. இதனோடு மு. சிவலிங்கத்தின் ‘பஞ்சம் பிழைக்க வந்த சீமை’யையும் சேர்த்து வாசித்தல் நன்று.

கவிதைக்குச் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் ஆங்கிலத்தில் எழுதியதைச் சக்தீ அ. பாலஐயா தமிழாக்க, 1969 ஆம் ஆண்டில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனும் நூலாயிற்று. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர் சி. வி.; 1947 ஆம் ஆண்டில் தலவாக்கலை மக்களால் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டவர். தம்மைத் தெரிந்தெடுத்த மக்களின் வாக்கு, தாம் உறுப்பினராயிருந்த சபையிலேயே பறிக்கப்படுவதைக் கண்டவர். சபையில் எண்ணிக்கையாற் தோற்ற நியாயம் கவிதையில் தோற்கவில்லை.

நினைவுக் குறிப்பை விரும்புவோர்க்கும் அவரையே காட்டுவோம். அவர் 1984 ஆம் ஆண்டில் மறைந்தபின் நூலான ‘நாடற்றவர் கதை’, அருகிருந்து கண்டவரின் வாக்குமூலம். சட்டப் புத்தகத்தில் பிரிவுகளையும் உட்பிரிவுகளையும் காணலாம். அப்பிரிவுகள் குடும்பங்களைப் பிரித்ததை இத்தகைய எழுத்திலேயே காணலாம்.

“மிளகுக்கும் விலையில்லை, கொழுந்துக்கும் விலையில்லை, புத்தகத்துக்குப் பணம் ஏது?” என்று விவசாயப் பெருமக்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால், ஒரு பேர்ச் காணியாயினும் அதன் உறுதியைப் பெட்டியிற் பூட்டி வைப்பவர் அவர்களே. காணிக்கு உறுதி வேண்டுமெனில், இம்மண்ணில் நாம் வாழ்ந்த வாழ்வுக்கு உறுதி வேண்டாவோ? காசில்லாதோர்க்கும் வழியுண்டு. 2005 ஆம் ஆண்டு முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றைக் கைபேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம்.

உத்தியோகம் பார்ப்போர்க்கு இந்தச் சாக்கும் இல்லை. கலியாண வீட்டில் மொய்யெழுதும்போது ஒரு நூலையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கடுகண்ணாவை நகர சபை முதலாகத் தோட்டத்து வாசிகசாலை ஈறாக, ஒவ்வோர் ஆண்டும் மலையக நூல்களை வாங்க வேண்டுமென எழுத்தில் விண்ணப்பிக்கட்டும். வாய்மொழியாற் கேட்டது மறக்கப்படும். எழுத்திற் கேட்டதற்குப் பதில் தந்தாக வேண்டும்.

எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமை அது. அக்காத்திருப்பின் கதையை நம் பிள்ளைகள் பிறர் வாயாற் கேட்டறியும் நிலை வரலாகாது. இம்மாதமே ஒரு நூல் வாங்குக. வீட்டாரைக் கூட்டி வைத்து உரக்க வாசிக்க!