ஆறு டிகிரி கால்வாயும் சிப் ஆலைகளும்

கிரேட் நிகோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனைக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே கிடக்கும் கடலுக்கு ஆறு டிகிரி கால்வாய் என்று பெயர். அதன் அகலம் 160 கிலோமீட்டர் அளவு. பாரசீக வளைகுடாவில் எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகும் டேங்கர்கள் மலாக்கா நீரிணைக்குள் நுழையும் முன் இதைக் கடக்கின்றன. கிழக்காசியத் துறைமுகங்களில் பெட்டி ஏற்றிய கன்டெய்னர் கப்பல்கள் நீரிணையை விட்டு வெளிப்பட்டதும் இதன் வழியாகவே மேற்கே திரும்புகின்றன. மலாக்கா வழியாக ஆண்டுக்கு 90,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் நடக்கின்றன. 2023-ல் நாளொன்றுக்கு 2 கோடி பீப்பாய்க்கும் அதிகமான எண்ணெய் அவ்வழியே சென்றது. உலகின் சிப் உற்பத்தியைத் தாங்கி நிற்கும் தைவான், தென் கொரியா, ஜப்பான் மூன்றும் இந்தப் பாதையை நம்பியிருப்பவை. ஆகவே, கிரேட் நிகோபாரின் கலத்தியா விரிகுடாவில் அமையவிருக்கும் டிரான்ஷிப்மென்ட் துறைமுகத்தை உலக சிப் போட்டியோடு முடிச்சுப் போடுவது எளிது. எந்தச் சரக்கு எந்த வழியில் போகிறது என்று பார்த்தால் அந்த முடிச்சு வேறோர் இடத்தில் விழுகிறது.

சிப் கப்பலில் போவதில்லை. 300 மில்லிமீட்டர் வேஃபர்கள் 25 அடுக்கிய ஒரு பெட்டியை ஒரே ஆள் தூக்கிவிடலாம். அதன் விலையோ பெரிய லாரிச் சரக்கின் விலைக்குக் குறையாது. மூன்று வாரம் கடலில் கிடந்தால் அந்தப் பணமும் முடங்கிக் கிடக்கும்; புதிய தலைமுறைச் சிப் வந்ததும் பழையதன் விலை இறங்கும்; ஈரமும் அதிர்வும் ஒத்துவராது. எனவே தாவோயுவானிலும் இஞ்சியோனிலும் சிப்கள் விமானம் ஏறுகின்றன. அவற்றைச் செய்யும் இயந்திரத்துக்கும் இதே கதிதான். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் தீவிர புற ஊதா லித்தோகிராஃபி இயந்திரம் ஒன்றைக் கழற்றி அனுப்ப 40 சரக்குப் பெட்டிகளும் மூன்று போயிங் 747 விமானங்களும் தேவைப்படும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகும் விலையுயர்ந்த கைபேசிகளும் சென்னைத் துறைமுகத்துக்குப் போவதில்லை. மீனம்பாக்கத்தின் விமானச் சரக்கு முனையத்துக்கே போகின்றன. 2024-25-ல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,400 கோடி டாலரைத் தாண்டியது. அந்தக் கணக்கைப் படித்துவிட்டுக் கன்டெய்னர் எண்ணிக்கையை மதிப்பிடுகிறவர் ஏமாந்துபோவார்.

கப்பலில் போவது சிப் ஆலையின் எரிபொருள். தைவான் தன் எரிசக்தியில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2025 மே மாதத்தில் அதன் கடைசி அணு உலையும் நிறுத்தப்பட்டது. மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் திரவ இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் கத்தாரிலிருந்து வரும் பங்கு இந்திரா முனைக்குத் தெற்கே கடந்து செல்கிறது. கையிருப்பில் வைக்கச் சட்டம் வலியுறுத்தும் அளவு 11 நாளுக்கானது. டிஎஸ்எம்சி என்ற ஒரே சிப் நிறுவனம் தைவானின் மொத்த மின்நுகர்வில் 8 விழுக்காடு அளவை எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் சிப் ஆலை பொறுக்காது. 2018 மார்ச்சில் தென் கொரியாவின் பியோங்டேக்கில் உள்ள சாம்சங் ஆலையில் அரை மணி நேரம் மின்தடை ஏற்பட்டது. ஓடிக்கொண்டிருந்த வேஃபர்கள் வீணாகி 5,000 கோடி வொன் அளவுக்கு இழப்பு என்று செய்தி வந்தது. ஜப்பான் தன் கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும், தென் கொரியா மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும் மேற்காசியாவிடம் வாங்குகின்றன. ஆக, நிகோபார்க் கடலுக்கும் சிப் தொழிலுக்கும் உள்ள உண்மையான உறவு டேங்கர் உறவு. அந்த டேங்கர்கள் கலத்தியாவில் நின்று எதையும் இறக்கப்போவதில்லை. அவற்றுக்கு அங்கே வேண்டியது ஏதாவது இருந்தால் அது கப்பல் எரிபொருள், உணவு, மாலுமி மாற்றம், பழுதுபார்ப்பு ஆகியவைதான். இந்த வியாபாரத்தில் சிங்கப்பூர் உலகின் முதலிடத்தில் இருக்கிறது. 2024-ல் அது விற்ற கப்பல் எரிபொருள் 5.4 கோடி டன்னுக்கும் மேல்.

அடுத்தது ரசாயனம். துறைமுகத் துறையினர் இதற்குக் கூடுதல் கவனம் தருவது தகும். 2019 ஜூலையில் ஜப்பான், ஃபோட்டோரெசிஸ்ட், ஹைட்ரஜன் ஃபுளோரைடு, ஃபுளோரினேற்றப்பட்ட பாலிமைடு ஆகிய மூன்று பொருள்களைக் கொரியாவுக்கு அனுப்பக் கட்டுப்பாடு விதித்தது. 1980-களின் இறுதியில் உலகச் சிப் சந்தையில் பாதியைக் கையில் வைத்திருந்து பின்னர் பத்தில் ஒரு பங்குக்குச் சரிந்த நாடு, மூலப்பொருளில் இன்னும் எவ்வளவு பலத்தோடு இருக்கிறது என்பதை உலகம் அப்போதுதான் சரியாகக் கண்டது. 2023 மார்ச்சில்தான் அந்தத் தகராறு தீர்ந்தது. 2023 ஆகஸ்ட் முதல் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு உரிமம் தேவை என்று சீனா அறிவித்ததும் இதே வகை.

இதே மூலப்பொருள்கள் இனி இந்தியாவுக்கும் வர வேண்டும். குஜராத்தின் தொலேராவில் டாடா எலக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து 91,000 கோடி ரூபாய்ச் செலவில் ஆலை கட்டுகிறது. திட்டமிட்ட திறன் மாதத்துக்கு 50,000 வேஃபர். சனந்தில் மைக்ரான், அசாமின் ஜாகிரோட்டில் டாடாவின் இன்னோர் ஆலை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கான ரசாயனத்தில் பெரும்பகுதி கிழக்காசியாவிலிருந்தே வாங்க வேண்டியிருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சர்வதேச ஆபத்துச் சரக்கு விதித்தொகுப்பில் 8-ம் வகுப்பு, அரிக்கும் பொருள், கூடவே நச்சு. தோலில் பட்டால் கால்சியம் குளூக்கோனேட் களிம்பு உடனே வேண்டும். எந்த யார்டில் இந்தப் பெட்டி இறங்குகிறதோ அங்கே அந்தக் களிம்பும் பயிற்சி பெற்ற ஆளும் இருந்தாக வேண்டும். ஃபோட்டோரெசிஸ்ட்டோ தீப்பற்றும் கரைப்பானில் கரைந்தது. குளிரிலேயே வைக்க வேண்டியது. ரீஃபர் பெட்டியின் பிளக்கை ஒரு கப்பலிலிருந்து கழற்றி அடுத்ததில் மாட்டும் இடைவெளி நீண்டால் முழுச் சரக்கும் ஆலை வாசலில் திருப்பி அனுப்பப்படும். டிரான்ஷிப்மென்ட் என்றாலே பெட்டி இருமுறை கைமாறுகிறது. இத்தகைய சரக்கை அனுப்புகிறவர் நேரடிக் கப்பலையே தேடுவார். இடைத்துறைமுகத்தை ஏற்பாரானால் கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் ஏற்கமாட்டார்.

கிழக்காசியாவில் துறைமுகமும் சிப் தொழிலும் எப்படி ஒன்றையொன்று வளர்த்தன என்பதற்குத் தைவானின் காவ்சியுங் நல்ல சான்று. 1966-ல் துறைமுக வளாகத்துக்குள்ளேயே ஏற்றுமதிப் பதப்படுத்து மண்டலம் திறக்கப்பட்டது. உதிரிபாகம் கப்பலில் வந்து இறங்கும். பெண் தொழிலாளர்கள் கோத்துத் தருவார்கள். அதே கரையில் ஏறிப்போகும். அருகே நான்சி மண்டலத்தில் 1984-ல் தொடங்கிய ஏஎஸ்இ, இன்று சிப்களை உறையிட்டுச் சோதிக்கும் தொழிலில் உலகின் முதல் நிறுவனம். 1990-களில் கன்டெய்னர் எண்ணிக்கையில் உலகின் மூன்றாமிடத்தில் இருந்த காவ்சியுங், சீனத் துறைமுகங்கள் எழுந்த பிறகு முதல் பத்துக்கு வெளியே போனது. ஆனால் ஊர் படுத்துவிடவில்லை: நான்சியில் மூடப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்த மனையில் டிஎஸ்எம்சி தன் 2 நானோமீட்டர் ஆலையைக் கட்டியிருக்கிறது. துறைமுகம் கொண்டுவந்த தொழில் துறைமுகத்தைத் தாண்டி நிலைத்தது.

மலாக்காவின் இரு கோடியிலும் இதே கதை சற்று வேறு வடிவில் நடந்தது. சிங்கப்பூருக்கு நேஷனல் செமிகண்டக்டர் 1968-ல் வந்தது. தஞ்சோங் பகாரில் முதல் கன்டெய்னர் கப்பல் 1972 ஜூனில் நின்றது. அதே 1972-ல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது. உலகச் சிப்களின் உறையிடல், சோதனைப் பணியில் மலேசியாவின் பங்கு இன்று 13 விழுக்காடு என்று மதிப்பிடப்படுகிறது. 

டிரான்ஷிப்மென்ட் சரக்கு எவ்வளவு எளிதில் கைவிட்டுப்போகும் என்பதையும் சிங்கப்பூரே கற்றது. 2000-ல் மெர்ஸ்க் தன் மையத்தை எதிர்க்கரையில் இருக்கும் மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாஸுக்கு மாற்றிக்கொண்டது. 2002-ல் எவர்கிரீனும் பின்தொடர்ந்தது. சிங்கப்பூரின் பெட்டிகளில் பத்தில் ஒரு பங்கு அளவு மெர்ஸ்க்கோடு போனது. நிலவியல் துளியும் மாறவில்லை. இரண்டு துறைமுகங்களும் ஒரே நீர்ப்பாதையின் ஓரத்தில் இருக்கின்றன. பங்கு உரிமையும் கட்டணமும்தான் முடிவு செய்தன. சிங்கப்பூர் பிறகு மீண்டது: 2024-ல் அது 4.11 கோடி பெட்டி அலகுகளைக் கையாண்டது. அடுத்தடுத்து ஃபீடர் கிடைப்பது, எரிபொருள், பழுதுபார்ப்பு, சுங்கத்தில் தாமதமின்மை ஆகியவை சேர்ந்து கொடுத்த மீட்சி அது.

கலத்தியா திட்டத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி. 2024 செப்டம்பரில் பெருந்துறைமுக அறிவிப்பு. துறைமுகத்துக்கு மட்டும் மதிப்பீடு 41,000 கோடி ரூபாய் அளவு. 2028-ல் முடிப்பதாகச் சொல்லப்பட்ட முதல் கட்டத்தின் திறன் 40 லட்சம் அலகு, இறுதித் திறன் 1.42 கோடி அலகு. இறக்கும்போது ஒன்று, ஏற்றும்போது ஒன்று என டிரான்ஷிப்மென்ட் பெட்டி இருமுறை எண்ணப்படுவதால் 1.42 கோடி என்பது உண்மையில் 71 லட்சம் அலகுச் சரக்கு. அதுவே பெரிது: 2024-ல் கொழும்பு மொத்தமாகக் கையாண்டதே 78 லட்சம் அலகு. சர்வதேசக் கப்பல் பாதை 40 கடல் மைலில்; இயற்கை ஆழம் 20 மீட்டருக்கும் மேல். இவை இரண்டும் மறுக்க முடியாத பலங்கள். இந்தியாவின் டிரான்ஷிப்மென்ட் சரக்கில் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில் கைமாறுகிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்தச் சரக்குக்கு உள்நாட்டிலேயே போட்டி வந்துவிட்டது. 2011-ல் கொச்சி வல்லார்பாடத்தில் திறக்கப்பட்ட முனையம், கொழும்பிலிருந்து சரக்கை இழுக்கும் என்ற எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. அகழ்வுச் செலவும் கடலோரக் கப்பல் விதிகளும் காலை வாரின. 2024 டிசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கிய விழிஞ்ஞம் முதல் ஆண்டிலேயே பத்து லட்சம் அலகைத் தாண்டியது. மேற்குக் கரைச் சரக்கும் தென் தமிழ்நாட்டுச் சரக்கும் இனிக் கலத்தியாவுக்கு வர வழியில்லை. எஞ்சுவது கொல்கத்தா, விசாகப்பட்டினம், சட்டோகிராம், யாங்கோன் ஆகிய வங்காள விரிகுடாச் சரக்கு. சென்னையிலிருந்து கலத்தியா 1,600 கிலோமீட்டர். இன்னும் இரண்டு நாள் ஓடினால் சிங்கப்பூர், அங்கே எல்லா லைனும் உண்டு. ஃபீடர் நடத்துகிறவர் போடும் கணக்கு இதுதான். ஜப்பான் உதவியோடு வங்கதேசத்தின் மாதர்பாரியில் ஆழ்கடல் துறைமுகம் எழுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தீவின் சொந்த நிலைமை இன்னும் கடினம். நிலநடுக்க வரைபடத்தில் அந்தமான் நிகோபார் அதிக அபாயமுள்ள மண்டலத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. 1972-ல் கரையில் எழுப்பிய கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியை இன்று கடல் அலை நனைக்கிறது. பெர்த்தின் தளமட்டம் வெறும் அலை உயரக் கணக்கில் முடிகிற விஷயம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கலத்தியாக் கடற்கரை லெதர்பேக் ஆமைகள் முட்டையிடும் இடம். அதற்காகவே இருந்த சரணாலயத்தின் அறிவிப்பு 2021 ஜனவரியில் விலக்கப்பட்டது. ஷோம்பென் மக்களின் காடும், சுனாமிக்குப் பின் முகாம்களுக்கு மாற்றப்பட்டு மூதாதையர் ஊருக்குத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் நிகோபாரிகளின் நிலமும் திட்டப் பகுதியோடு பின்னிக்கிடக்கின்றன. 130 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றுப் பயன்பாட்டுக்கு எடுக்கும் திட்டத்தில் இந்தக் கேள்விகளை அனுமதிக் கோப்போடு முடிந்துபோனவையாகக் கருதும் பொறியாளர், வழக்கு மன்றத்தில் கழியும் ஆண்டுகளையும் தன் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மின்சாரமும் தரவும் தனி விஷயம். தீவுக் கூட்டத்தின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. மின்கிரேனுக்கும் ஆயிரக்கணக்கான ரீஃபர் பிளக்குக்கும் அது போதாது. எனவே 450 எம்விஏ எரிவாயு-சூரிய மின்நிலையம் திட்டத்தின் ஒட்டுப்பகுதி அல்ல, முதல் தேவை. தரவு நிலைமை மேல். 2020 ஆகஸ்ட் 10 அன்று இயங்கத் தொடங்கிய சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் 2,300 கிலோமீட்டர் நீளம். செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரிலிருந்து (இன்று ஸ்ரீ விஜயபுரம்) கார் நிகோபார், கமோர்த்தா வழியாகக் கிரேட் நிகோபார்வரை எட்டுகிறது. பிஎஸ்என்எல்லுக்காக அதை அமைத்தது ஜப்பானின் என்இசி. நீண்ட கடலடிப் பிரிவில் ஒளியைப் பெருக்கும் ரிப்பீட்டர்களுக்குள் இருப்பவை குறைகடத்தி லேசர்கள். தீவுகளில் குறைகடத்தித் தொழிலின் கைவேலை ஏற்கெனவே இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. முனைய இயக்க மென்பொருளையும் சுங்க ஆவணத்தையும் இந்தக் கேபிள் தாங்கும். ஆனால் அறுந்தால் மாற்று வழி செயற்கைக்கோள் மட்டுமே. இரண்டாவது கேபிள் பாதையைத் துறைமுகச் செலவிலேயே சேர்ப்பது சரியாக இருக்கும்.

முதல் கட்ட டெண்டரில் பெர்த் நீளத்தையும் கிரேன் எண்ணிக்கையையும்விட முக்கியமானவை மூன்று: வளைகுடா டேங்கர்களையும் நிறுத்தக்கூடிய எரிபொருள் நிரப்பு வசதி, 8-ம் வகுப்புச் சரக்குக்குத் தனி யார்டு, ஒரு பெரிய லைனாவது தன் பங்கை முதலீடு செய்யும் ஒப்பந்தம். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டுக்கும் வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். போட்டியாளர்கள் காத்திருக்கவில்லை: சிங்கப்பூரின் துவாஸ், 2040-களில் முழுமை பெறும்போது 6.5 கோடி அலகைக் கையாளும் கணக்கில் கட்டம் கட்டமாக எழுகிறது. கொழும்பு மேற்கு முனையம் 32 லட்சம் அலகுத் திறனோடு 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு வைத்திருப்பதும், விழிஞ்ஞத்தை நடத்துவதும் ஒரே இந்தியக் குழுமம்தான்.