மகளிடம் மறைத்த பெயர்

அமெரிக்காவில் குடியேறிய சீனக் குடும்பங்களில் தந்தைக்கும் மகளுக்கும் பேச்சு ஒட்டாமல் போனதற்குக் கன்பூசிய மரபைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இது அரைகுறை விளக்கம், அநியாயமும்கூட. அந்தத் தந்தையர் பலரின் வாயைக் கட்டிப்போட்டது அமெரிக்கக் குடியேற்றச் சட்டம்.

1882-இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோயின. இங்கேயே பிறந்தவர்கள் என்று பலர் குடியுரிமை கோரினார்கள். குடிமகனின் பிள்ளை நாட்டுக்குள் வரலாம் என்பதால், பிறக்காத பிள்ளைகளின் பெயரில் இடங்கள் விலைபோயின. அப்படி வந்தவர்களே ‘காகித மகன்கள்’. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் இருந்த குடியேற்ற நிலையத்தில் அவர்களை அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள்: வீட்டு வாசலில் எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? மூன்றாம் வீட்டில் யார்? விடைகளை மனப்பாடம் செய்து தேறியவர், பிறகு ஆயுள் முழுக்க அந்தப் பொய்ப் பெயரோடுதான் வாழவேண்டும். பாட்டி பெயர் என்னவென்று மகள் கேட்டால் அவர் என்ன சொல்வார்? பள்ளியில் பிள்ளை வாய்தவறினாலே குடும்பம் நாடு கடத்தப்படலாம் என்ற பயம் அவருக்கு.

1943-இல் சட்டத்தை நீக்கிவிட்டார்களே, அதன்பிறகும் ஏன் மௌனம் என்று கேட்கலாம். நீக்கியபோது ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம் தந்தார்கள். காகிதப் பெயர்கள் குற்றமாகவே நீடித்தன. 1956-இல் அரசு தொடங்கிய குற்ற ஒப்புதல் திட்டத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் உண்மையைச் சொன்னார்கள். ஒருவர் வாய் திறந்தால் அதே காகிதக் குடும்பத்தைச் சேர்ந்த அத்தனை பேரும் மாட்டினார்கள். கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள்மீது இத்திட்டமே ஆயுதமாகத் திரும்பியது. உண்மை சொன்னால் மன்னிப்பு என்ற அரசின் பேச்சை எந்தத் தந்தை நம்புவார்?

ஆண்பிள்ளை மோகம் இல்லையா? இருந்தது. விலைபோன இடங்களில் பெரும்பாலானவை மகன்களுக்கானவை. மகள் என்பதற்காகவே ஒதுக்கப்பட்டவளின் காயத்தை எந்தச் சட்டத்தைக் காட்டியும் ஆற்ற முடியாது. அந்தப் பொறுப்பு தந்தையுடையதுதான். ஆனால் இதே தந்தையர் மகன்களிடமும் உண்மைப் பெயரை மறைத்தார்கள். மரபு மட்டுமே காரணமென்றால் மகனிடம் மறைப்பானேன்?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2011, 2012-இல் விலக்குச் சட்டங்களுக்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டன. கலிபோர்னியாவின் சான் புரூனோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த விசாரணைக் கோப்புகளை வாரிசுகள் இன்று கேட்டுப் பார்க்கலாம். மகளிடம் வாய் திறக்காதவர் அதிகாரியிடம் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார். அதில் எது அவர் வாழ்ந்தது, எது மனப்பாடம் என்று பிரித்துச் சொல்ல அவரும் இப்போது இல்லை.