அற்புதம் சுலபம், சோறு போடுவதுதான் கஷ்டம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் குழந்தைகளுக்கு யூட்யூபில் சாமி கதை கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறோம். சோறும் இறங்கும், பக்தியும் வளரும் என்று ஒரு கணக்கு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தக் கதையைக் குழந்தையே ஸ்டாப் மோஷனில் எடுக்கட்டும் என்பேன்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொம்மையைச் சற்று நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொரு போட்டோ. விநாடிக்கு 12 படம் வீதம் ஓட விட்டால் பொம்மை நடக்கும். தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை வைத்து 1915-லேயே இந்த வித்தையைச் செய்துவிட்டார். இன்று செல்போன் கேமராவும் ஷாட்கட் போன்ற இலவச சாஃப்ட்வேரும் போதும். போன் மட்டும் அசையக் கூடாது. நாங்கள் இரண்டு செங்கற்களுக்கு நடுவில் சொருகி வைத்தோம்.

நாங்கள் என்றால் நானும், மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளும். ஊர் காடாம்புலியூர். வடலூர் பக்கம் என்பதால் களிமண்ணில் வள்ளலார் கதை. கருங்குழியில் அவர் தண்ணீரில் விளக்கு எரித்ததாகச் சொல்வார்களே, அதை எடுக்கச் சொன்னார் அம்மா. ஆரஞ்சுக் காகிதத்தைச் சுடர்போல் வெட்டி மாற்றி மாற்றி வைத்தோம். அரை மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. "சூப்பர் மேஜிக் மாமா!" என்றாள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. களிமண் பொம்மை நடப்பதே அற்புதமாக இருக்கும் படத்தில், அற்புதத்துக்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவில் லுத்தரன் திருச்சபைக்காக ஆர்ட் க்ளோக்கி எடுத்து, 1961-ல் ஒளிபரப்பான 'டேவி அண்ட் கோலியாத்' தொடரும் ஸ்டாப் மோஷன்தான். அதில் டேவி ஒரு சாதாரணப் பையன். தப்பு செய்வான், பிறகு உணர்வான். (அவன் நாய் பேசும், அதை மன்னித்துவிடலாம்.) அந்த வழிதான் சரி என்பது என் கருத்து.

எனவே அடுத்து தருமச்சாலை. வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. "அற்புதத்தை விட்டுட்டு சோறு போடுறதையாடா எடுப்பீங்க?" என்றார் அம்மா.

பந்தியில் பத்துப் பொம்மைகள். சோற்றுக்குத் தெர்மாகோல் உருண்டை. கரண்டி இறங்கி, சோறு விழுந்து, கை நிமிர ஓர் இலைக்கு 15 போட்டோ. ஒன்பது பேருக்குப் பரிமாறி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அப்போதுதான் அவள் பார்த்தாள், கடைசி ஆளுக்கு இலையே வைக்கவில்லை.

"இப்ப வச்சிடலாம். இலை திடீர்னு முளைச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றேன்.

"இலை போடாம எப்படி மாமா பந்தியில உட்கார வைப்பாங்க?"

135 போட்டோக்களையும் அழித்தோம். பத்தாவது இலையை அம்மாதான் வெட்டிக் கொடுத்தார். மறுநாள் முதல் இலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.