வீட்டிலிருந்து வேலை: சட்டத்தில் இருப்பதும் செய்தியில் வருவதும்

பிற்பகல் ஒரு மணி வாக்கில் தமிழ்ப்பள்ளி விடுகிறது. அம்மா வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் மடிக்கணினி முன் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறார். பிள்ளையை யார் போய் அழைத்து வருவது?

வேலைச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பற்றிய அரசியல் பேச்சில் இந்தக் கேள்வி எழுவதே அரிது. இஸ்மாயில் சப்ரி பிரதமராக இருந்தபோது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், அன்வார் பிரதமரான பின் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஆகவே பெருமை பேச இரண்டு தரப்புக்கும் வசதி. குறை வந்தால் எதிர்த்தரப்பின் மேல் போடவும் வசதி. ஒரு பக்கம் சாய்ந்த தளத்தைப் படித்தால், வீட்டிலிருந்து வேலை செய்ய உரிமை கிடைத்துவிட்டது என்று தோன்றும். மறுபக்கம் சாய்ந்ததைப் படித்தால், கிடைத்தது வெறும் காகிதம்.

இரண்டுமே முழு உண்மை இல்லை. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கிடைத்திருப்பது கேட்கும் உரிமை. செம்பனைக் குலையை யாரும் வீட்டிலிருந்து வெட்ட முடியாதுதான். ஆனால் தோட்டத் தொழிலாளியும் நேரத்தை மாற்றக் கேட்கலாம். இதை எந்தத் தலைப்பும் பெரிதாகப் போடுவதில்லை.

சரி, வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளை? 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கானது. பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் டிரான்சிட் மையங்கள் அதற்குள் வருவதில்லை. அவற்றுக்கு 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டம் உண்டு. பிள்ளையைச் சேர்க்கும் முன், சமூகநலத் துறையின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா நல்லவர்தான்; ஆனால் எட்டுப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்த பிறகு அது வெறும் அக்கம்பக்க உதவி இல்லை.

நம் பாட்டிமார் பால் வெட்டப் போன காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. அதன் தரத்தைப் புகழ ஒன்றுமில்லை. ஆனாலும் தாய் வேலைக்கு வந்தால் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது தோட்ட நிர்வாகத்துக்குக்கூடத் தெரிந்திருந்தது. இன்றைய அலுவலகத்திடம் நேர மாற்றம் கேட்பவர்கள் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். கடிதமாகக் கொடுத்து, தேதியிட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 60 நாளை எண்ணலாம்.